மாம்புரிக்காரி

"கூறையை நீ தொடாத, அல்பொன்சா."

பவுலினா இதைச் சொன்னபோது தங்கச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் விரித்துக் கிடந்த சிவப்புக் கூறைச் சேலையைப் பார்த்துத்தான் சொன்னாள். அல்பொன்சாவின் விரல் அதன் சரிகைக் கரையில் இருந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.

"ஏன், என்ட கையில மீன் நாத்தமா?"

"பகிடி விடாத. மகள்ட கலியாணத்துக்கு ஒரு கிழமைதான் கிடக்கு. புருஷன் விட்டுட்டுப் போனவள் கூறை உடுத்திவிட்டா பொண்ணுக்குக் கூடாது எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க."

"எந்த ஆக்கள்?"

"எல்லாரும்தான்."

எல்லாரும் என்று சொல்கிறவர்களை நம்பக் கூடாது. பெயர் சொல்லப் பயந்தவர்களும், தங்கள் பேச்சை ஊரின் பேச்சாக்கப் பார்க்கிறவர்களும்தான் அப்படிச் சொல்வார்கள். பவுலினா இரண்டிலும் கொஞ்சம்.

"நான் அவளப் பெத்தவள்" என்றாள் பவுலினா. "அவள்ட அப்பனக் கடல் கொண்டுபோன நாளையில இருந்து ஒரு நல்ல காரியத்துல நான் கை வைக்கிறதில்ல. இந்தக் கூறையக்கூடப் பொட்டியோட வாங்கி, பொட்டியோடதான் கொண்டு வந்தன். விரிச்சது டயனா. நானே ஒதுங்கி நிக்கக்குள்ள உனக்கு என்ன?"

"அப்ப கோயிலுக்குள்ள டயனாவக் கையப் பிடிச்சிக் கூட்டிக்கொண்டு போறது ஆரு?"

"அமல்ராஜ்தான். சித்தப்பன் இருக்கக்குள்ள வேற ஆரு?"

"விட்டுட்டுப் போனவர் பொண்ணுட கையப் பிடிக்கலாம். அவர் விட்டுட்டுப் போனவள் சீலையத் தொடக் கூடாது. அப்பிடியா?"

"அவன் ஆம்பிளை" என்றாள் பவுலினா, வெயில் சுடும் என்று சொல்வதுபோல.

டயனா பால்குடி மறந்த கையோடு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள் பவுலினா. பிள்ளைக்குப் பேன் பார்த்தது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் குந்தியிருந்தது, பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்த்தது எல்லாம் அல்பொன்சா. அவளுக்குச் சொந்தமாகப் பிள்ளை இல்லை. "என்னை நீங்கதான் கூறை உடுத்திவிட வேணும், சின்னம்மா" என்று டயனா பாவாடை கட்டிய வயதிலேயே கேட்டு வைத்திருந்தாள். அல்பொன்சா தன் வாழ்க்கையில் காத்திருந்தது அந்த ஒன்றுக்காகத்தான்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அமல்ராஜ் அவளை விட்டுவிட்டு எங்கும் போகவில்லை.

அமல்ராஜ் கரைவலை இழுக்கிறவன். மீன் பட்டால் பங்கு, படாவிட்டால் வெறுங்கை. சோழகக் காற்று எழும்பி, வள்ளங்கள் எல்லாம் கரையேறிக் கிடக்கும் மாதங்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அரசாங்கம் கொடுக்கும் அஸ்வெசுமக் காசில்தான். போன கார்த்திகையில் அவனுக்குக் கண்டக்குழிப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரரைப் போட்டில் ஏற்றிக்கொண்டு போய் டொல்பின் காட்டுகிற வேலை. மாதச் சம்பளம், ஹோட்டலின் பெயர் போட்ட சேர்ட், தங்க ஓர் அறை. வலை இழுத்த கூட்டாளிகளுக்கெல்லாம் வயிறு எரிந்தது.

வேலை கிடைத்த கையோடு நிவாரணம் வாங்குகிறவர்களுக்கு இன்னும் தகுதி இருக்கிறதா என்று திரும்பப் பார்க்கிற வேலையும் தொடங்கியது. ஊரின் விதானை, அரசாங்கத்துக்காக யார் இருக்கிறார்கள் யார் இல்லை என்று பார்க்கிற மனுசன், அல்பொன்சாவின் வாசலில் கதிரையைப் போட்டு அமர்ந்தார்.

"புருஷனுக்கு மாதச் சம்பளமாமே. அப்ப காசு நிக்கும்."

"சேர், அது டொல்பின் வாற காலத்துக்கு மட்டும்தான். சோழகம் எழும்பினா ஹோட்டல் போட்டும் கரையிலதான். அவரையும் அனுப்பிப் போடுவாங்க."

"அத அப்ப பாப்பம். இப்ப வேலை இருக்கா, இல்லையா?"

அப்ப பாப்பம் என்பதன் பொருள் அல்பொன்சாவுக்குத் தெரியும். நிறுத்துவது ஒரு பேனாக் கோடு. நின்றதைத் திரும்ப வாங்க எத்தனை சோடிச் செருப்புத் தேய வேண்டும் என்று எந்த விதானையும் சொன்னதில்லை. அவள் வாய் தானாகத் திறந்தது.

"அந்த மனுசன் இப்ப என்னோட இல்ல, சேர்."

விதானை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆரோட?"

"மாம்புரியில... தோட்டம் செய்யிற ஒருத்தியோட."

"ம்" என்றார். அவ்வளவுதான். சாட்சி கேட்கவில்லை. அவனைக் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. ஓர் ஆண்பிள்ளை பெண்சாதியை விட்டுவிட்டுப் போனான் என்பது நேற்று மழை பெய்தது என்பதுபோல, நம்பக் கஷ்டமில்லாத செய்தி.

காசு நிற்கவில்லை.

கேள்விப்பட்ட அமல்ராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். "நல்லாத்தான் சொல்லியிருக்கா. சீசன் முடியும் மட்டும் ஹோட்டல் அறையிலயே கிடக்கன். சோழகத்தோட திரும்பி வந்துட்டன் எண்டு சொல்லிக்கொள்ளுவம்."

அவனுக்கு அதில் நட்டம் ஒன்றுமில்லை. கள்ளுத் தவறணையில் இளந்தாரிகள் எழும்பி இடம் கொடுத்தார்கள். "அண்ணன், மாம்புரித் தண்ணி எப்பிடி?" என்று கேட்டார்கள். அவன் மீசையைத் தடவிக்கொண்டானே தவிர, இல்லை என்று ஒருநாளும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் அல்பொன்சா தண்ணீர்க் குழாயடிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். "நீ ஒழுங்காப் பாத்திருந்தா அவன் ஏன் போறான்?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரேயே கேட்டாள். ஒரே பொய்தான். அவனுக்கு அது கழுத்தில் மாலையாக விழுந்தது, அவளுக்குத் தலையில் சாணியாக விழுந்தது.

அதை எல்லாம் அவள் விழுங்கினாள். விழுங்க முடியாதது வேறொன்று.

பக்கத்து வீட்டு ஜுனைதாதான் அதைக் கொண்டு வந்தாள். தொண்ணூறில் மன்னாரை விட்டுத் துரத்தப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பம். காலையில் இடியப்பம் அவித்து ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அமல்ராஜுக்கு அல்பொன்சா கட்டும் சோற்றுப் பொட்டலமும் அவள் கையில்தான் போனது. உண்மை தெரிந்த ஒரே ஆள் அவள்.

"புள்ள, ஒன்ட கதைக்கு இப்ப கையும் காலும் முளைச்சிட்டு" என்றாள் ஜுனைதா. "அவள் நல்ல ஒசரமாம். பச்சைச் சீலையாம். கன்னத்துல மச்சமாம். பேரு டிலுக்ஷியாம்."

"பேருமா?"

"பேருந்தான். ஹோட்டல் லொறி அவள்ட தோட்ட வாசல்ல நிண்டத எத்தினையோ பேர் கண்டதாம்."

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அல்பொன்சாவின் கை நின்றது. "ராத்தா, இதெல்லாம் நான் சொல்லாதது."

"அதத்தான் நானும் சொல்றன். சனத்துட வாய்."

"நான் சொல்லாதது எப்பிடி வரும்?"

ஜுனைதாவுக்கு அது வாயால் கட்டின கதை. அல்பொன்சாவுக்கு அது சாட்சி. தான் சொன்ன பொய் அப்படியே திரும்பி வந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். விதானையிடம் அவள் கொடுத்தது ஒருத்தி மட்டும்தான். முகம் கொடுக்கவில்லை, உயரம் கொடுக்கவில்லை. பிறகு மச்சம் எங்கிருந்து வந்தது? கிட்ட நின்று கண்டவன் ஒருத்தன் இருந்தால்தானே மச்சம் வரும்?

அன்றிலிருந்து பொட்டலத்தில் பொரித்த மீன் துண்டு சின்னதானது. பிறகு அவித்த முட்டை நின்றது. அமல்ராஜ் தலைக்கு மை பூசியிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று அவனுடைய நல்ல சாரம் ஒன்றைக் கிழித்து அடுப்படி துடைத்தாள். இரண்டு பேர் சாப்பிடும் மேசையில் தனியே இருந்து சாப்பிடும்போது, மற்றக் கதிரையில் பச்சைச் சீலையோடு ஒருத்தி இருந்து சோறு அள்ளினாள். அவளை உண்டாக்கியது தான்தான் என்பது அல்பொன்சாவுக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கதிரையை எட்டி உதைத்தாள்.

ஒருநாள் போனில் கேட்டாள். "ஆரது டிலுக்ஷி?"

"நீ உண்டாக்கின ஆள்தானே" என்று அவன் சிரித்தான். "நல்ல வடிவானவள் எண்டு சொல்றாங்க. எனக்குத்தான் இன்னும் காணக் கிடைக்கல்ல."

மற்ற எல்லாம் போய் அந்த 'இன்னும்' மட்டும் அவள் காதில் முள்ளாய் நின்றது.

இப்போது, கூறைக்கு முன்னால் நின்றபடி, அக்காவிடம் அவள் உண்மையை அவிழ்த்தாள். காசு நின்றுவிடும் என்ற பயத்தில் சொன்னது, அமல்ராஜும் கூட்டு, ஜுனைதாவிடம் வேண்டுமானால் கேட்டுப் பார் என்றெல்லாம் சொன்னாள். பவுலினா கடைசிவரை கேட்டுவிட்டுத் தங்கச்சியின் தோளில் கை வைத்தாள். வைத்த விதமே அல்பொன்சாவுக்குப் பிடிக்கவில்லை.

"எனக்கு விளங்குது. வெக்கத்துல அப்பிடித்தான் சொல்லத் தோணும்."

"சத்தியமா, அக்கா."

"சத்தியம் பண்ணாத. அவளப் பேரோட ஊருக்கே தெரியும். இல்லை எண்டு சொல்றியே, நீ போய்ப் பாத்தியா?"

அல்பொன்சா போய்ப் பார்க்கவில்லைதான்.

மறுநாள் மாம்புரிக்கு பஸ் ஏறினாள். போய் என்ன செய்வது என்று வழி முழுக்க யோசித்தாள். மயிரைப் பிடிப்பதா, காறித் துப்புவதா, பேசாமல் பார்த்துவிட்டு வருவதா என்று ஒன்றும் முடிவாகவில்லை. இறங்கி, கடைக்காரனிடம் டிலுக்ஷியின் தோட்டம் எது என்று கேட்டாள். அவன் இவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்டினான். அந்தச் சிரிப்பைக் கண்டதும் மயிரைப் பிடிப்பதுதான் சரி என்று பட்டது.

தென்னைகளுக்கு அப்பால், சுழலும் காற்றாலைகளின் நிழல் விழுந்து விழுந்து எழும்பும் வெங்காயப் பாத்தியில் ஒருத்தி குழாய் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சீலை இல்லை. பழைய பாவாடையும் ஆம்பிளைச் சேர்ட்டும். ஆனால் உயரம்தான். கன்னத்தில் மச்சமும் இருந்தது. சேற்றோடு நின்றும் அழகாக இருந்தாள்.

"ஆரு நீங்க?"

"அமல்ராஜ்ட பெண்சாதி."

அவள் குழாயைக் கீழே போட்டாள். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது.

"வாங்க. ஒங்களத்தான் பாத்துக்கொண்டு இருந்தன். அந்த அமல்ராஜ ஒருக்கா எனக்குக் காட்டி விடுங்க. கறுப்பா சிவப்பா எண்டாவது தெரிய வேணும்."

"உனக்கு அவரத் தெரியாதா?"

"ஹோட்டல் லொறி மரக்கறி ஏத்த வரும். அதுட டிரைவர் நௌஃபர் நானாவத் தவிர அங்க ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. என்ட மனுசன் கட்டார்ல. இந்தக் கதை அங்க வரைக்கும் போய்ச் சேந்திட்டு. அதோட அவர் போன் எடுக்கிறதில்ல. மாமி வந்து வீட்டப் பூட்டித் திறப்ப வாங்கிக்கொண்டு போயிட்டா. நான் அந்தா, அந்த மோட்டர்க் கொட்டில்லதான் கிடக்கன். லொறியும் இப்ப இஞ்ச நிக்கிறதில்ல. ஆரோ ஒரு பொம்பிளை விதானைக்குச் சொல்லித்தான் இவ்வளவும் எண்டாங்க. அவள் மட்டும் என்ட கையில கிடைச்சா..."

அல்பொன்சாவின் முகத்தைக் கண்டு டிலுக்ஷி நிறுத்தினாள்.

அல்பொன்சா வரப்பில் குந்திவிட்டாள். "நான்தான் அது. ஆனா உன்னை எனக்குத் தெரியாது, பிள்ளை. சும்மா ஒருத்தி எண்டுதான் சொன்னன். உன்னைக் கொண்டுபோய் அதுக்குள்ள வச்சது சனம்."

அடி விழும் என்றுதான் நினைத்தாள். டிலுக்ஷி அடிக்கவில்லை.

"சும்மா ஒருத்தி" என்றாள். "ஓம். புருஷன் ஊர்ல இல்லாம தனிய இருக்கிறவள். எந்தக் கதைக்குள்ளயும் வைக்கலாம்."

டிலுக்ஷி உடைந்த பாத்தியைக் காலால் மண் தள்ளி அடைத்தாள். அல்பொன்சா வெட்கத்தில் தலை குனிந்திருந்தாள். அந்த வெட்கத்துக்குள்ளேயும் ஒரு புழு நெளிந்தது.

"உண்மையாவே நீ அவரக் கண்டதில்லையா?"

டிலுக்ஷி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க உண்டாக்கின ஆளிலயே ஒங்களுக்கு எரிச்சலா? நல்ல மனுசிதான் நீங்க."

"வாற கிழமை எங்கட வீட்டுல கலியாணம்" என்றாள் அல்பொன்சா, எழும்பிச் சேலை மண்ணைத் தட்டியபடி. "நீ வர வேணும்."

"என்னத்துக்கு, எல்லாருமாச் சேந்து காறித் துப்பவா?"

"நீ வந்து வாசல்ல நில்லு. மிச்சத்த அந்த மனுசன்ட வாய் பாத்துக்கொள்ளும்."

அவள் பெயரைத் துடைக்கத்தான் கூப்பிட்டாள். பொய்யில்லை. அவளைக் கண்டதும் அமல்ராஜின் கண் என்ன செய்கிறது என்று பார்க்கவும்தான் கூப்பிட்டாள். அதுவும் பொய்யில்லை.

கலியாணக் காலையில், கோயிலுக்குப் புறப்பட முன்னம், வாசலில் நின்று ஆட்களை வரவேற்றவன் அமல்ராஜ். இரவல் கோட்டு, மை பூசின தலை. பந்தலின் முன்வரிசையில் விதானை பலகாரத் தட்டோடு இருந்தார். அல்பொன்சாவுக்குக் கடைசி வரிசையில் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கிடைத்திருந்தது.

டிலுக்ஷி பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். ஊர் சொன்ன மாதிரியே பச்சைச் சீலை. எங்கோ இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள், வேண்டுமென்றேதான். பச்சையையும் மச்சத்தையும் கண்ட பெண்கள் ஒவ்வொருத்தியாய் வாயை மூடினார்கள். அல்பொன்சா வேறு ஒன்றையும் பார்க்கவில்லை. புருஷனின் கண்ணை மட்டும் பார்த்தாள்.

"வாங்க, வாங்க" என்றான் அமல்ராஜ், முகம் நிறையச் சிரித்தபடி. "மாப்பிளைப் பக்கமா நீங்க? உள்ளுக்கு வந்து இருங்க." பிறகு திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டான். "பவுலினா மச்சாள், மாப்பிளை வீட்டு ஆக்கள் வந்திருக்காங்க. பலகாரம் குடுங்க."

ஒருவரும் அசையவில்லை.

"நான் மாப்பிளைப் பக்கம் இல்ல" என்றாள் அவள். "நான் டிலுக்ஷி. மாம்புரி. நீங்க என்னோடதான் இருக்கிறீங்களாம்."

அமல்ராஜின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்து நின்றது. தவறணை இளந்தாரிகளில் ஒருவன் மற்றவனின் விலாவில் இடித்தான். "மாம்புரித் தண்ணி எப்பிடி எண்டு அண்ணன்ட்ட இனிக் கேட்டு வேலையில்லடா" என்றான். பந்தல் சிரித்தது. இத்தனை மாதம் தடவிய மீசையைத் தொட அன்று அமல்ராஜுக்குக் கை எழும்பவில்லை.

அல்பொன்சா எழும்பி நேரே முன்வரிசைக்கு நடந்தாள். "சேர், கண்டீங்கதானே. இவர் எங்கயும் போகல்ல. நான் சொன்னது பொய். காச நிப்பாட்டுங்க."

விதானை வாயில் இருந்ததை விழுங்க நேரம் எடுத்தார். "அப்பிடி நிண்ட நிலையில ஏலாது. புருஷன் வந்து சேந்து இருக்கிறார் எண்டதுக்கு ஃபாதர்ட கடிதம் வேணும். ரெண்டு பேர்ட சாட்சியும் வேணும்."

"போனதுக்கு ஒரு சாட்சியும் கேக்கல்லயே, சேர்."

"போறது வேற" என்றார் விதானை.

அவர் கேட்ட கடிதமும் சாட்சியும் பிறகு தேவைப்படவே இல்லை. அடுத்த மாதமே காசு நின்றது. சோழகம் வந்தபோது வேலையும் நின்றது.

கோயிலில் தாலி கட்டி முடிந்து வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளைச் சேலையைக் களைந்து டயனா கூறை உடுத்த வேண்டும். அறைக்குள் டயனா நின்றாள். வாசற்படிக்கு வெளியே, வழக்கம்போல, பவுலினா நின்றாள்.

"மனுசன் இருக்கிறான் எண்டு ஆயிட்டுத்தானே" என்றாள் பவுலினா. "போய் நீயே உடுத்திவிடு."

இத்தனை வருசம் காத்திருந்த சொல். வந்தபோது அல்பொன்சாவுக்கு அது இனிக்கவில்லை.

"போன கிழமையும் இதே கைதான், அக்கா" என்றாள். பந்தலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "டிலுக்ஷி, இஞ்ச வா. கொய்யகத்தப் பிடி."

பவுலினா குறுக்கே கை நீட்டினாள். "அவளா? அவள் பேர் கெட்டுப்போய்க் கிடக்கிறவள். இண்டைக்கு வரைக்கும் அவள்ட மனுசன்கூட..."

"பேரக் கெடுத்தது என்ட வாய். அந்த வாய் இருக்கிற உடம்புல உள்ள கை கூறையத் தொடலாம் எண்டா அவள்ட கைக்கு என்ன?"

பவுலினாவின் கை தானாகத் தாழ்ந்தது. டிலுக்ஷி உள்ளே வந்தாள். டயனா சேலையின் ஒரு தலைப்பை எடுத்து அவள் கையில் வைத்தாள். டிலுக்ஷி முழங்காலிட்டுக் கொய்யகத்தை மடிப்பு மடிப்பாய் அடுக்கிப் பிடித்தாள். அல்பொன்சா மேல்பக்கம் செருகினாள்.

"அக்கா, ஊசி."

பவுலினா தன் சேலையிலேயே குத்தியிருந்த ஊசியைக் கழற்றி நீட்டினாள். கால் படிக்கு வெளியே, கை படிக்கு உள்ளே. ஆனால் எட்டவில்லை.

அப்போதுதான் அல்பொன்சா கண்டாள். கூடத்தில் நின்ற அமல்ராஜ், தன்னோடு இத்தனை மாதம் சேர்த்துக் கதைக்கப்பட்டவள் எப்படித்தான் இருக்கிறாள் என்று, பவுலினாவின் தோளுக்கு மேலால் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்திருந்த டிலுக்ஷிக்குப் பச்சைச் சீலை நன்றாகவே இருந்தது.

"அக்கா, உள்ளுக்கு எண்டா உள்ளுக்கு வா. வெளிய எண்டா வெளிய போ. நான் கதவச் சாத்தப் போறன்."

பவுலினா கையில் இருந்த ஊசியைப் பார்த்தாள். பாதிக் கூறையில் நின்ற மகளைப் பார்த்தாள். புருஷன் செத்த நாளில் இருந்து எந்தக் கலியாண அறைக்குள்ளும் வைக்காத காலைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

அல்பொன்சா முந்தானையை விடாமலே குதிக்காலால் கதவை உதைத்துச் சாத்தினாள்.